ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பாவம் என்றால் என்னவென்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இந்த வருஷம் புதுநன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை அப்பம், வாங்கப் போகிற பிள்ளைகள் என் பொறுப்பு. எல்லாம் எட்டு, ஒன்பது வயசு. புதுநன்மைக்கு முன்னால் முதல் ஒப்புரவு அருட்சாதனம் உண்டு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. (என் அம்மா இன்னும் பாவசங்கீர்த்தனம் என்றுதான் சொல்வார்.) அதற்குப் பிள்ளைகளைத் தயாரிக்க ஒரு அச்சடித்த தாள் இருக்கிறது. பத்துக் கட்டளை வரிசையில் கேள்விகள்: செபம் சொல்ல மறந்தாயா, பூசையில் பேசினாயா, பெற்றோர் சொன்னதைக் கேட்காமல் இருந்தாயா, திருடினாயா, பொய் சொன்னாயா, எத்தனை முறை. பிள்ளைகள் அதை வைத்து ஆன்ம சோதனை செய்து, தங்களுக்கென்று ஒரு குறிப்பு எழுதிக்கொள்வார்கள். அந்தக் குறிப்பை நாங்கள் கேட்டு வாங்குவதில்லை. அது அவர்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது, சாமியார் காதோடு முடிகிறது.

போன வாரம் ஒரு பையன் அவனாகவே கொண்டுவந்து நீட்டினான். "டீச்சர், இது போதுமான்னு பாருங்க. பக்கத்துல இருக்கிறவன் ரெண்டு பக்கம் எழுதியிருக்கான்." வேண்டாம் என்று சொல்வதற்குள் தாள் என் கையில் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எண் போட்டு, அழகாக எழுதியிருந்தான். செபத்தின்போது கண்ணைத் திறந்தேன். பூசையில் கொட்டாவி விட்டேன். வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். மாதா படத்துக்கு முதுகைக் காட்டித் தூங்கினேன். அப்புறம், கடைசிக் கோட்டுக்கும் கீழே, இடம் இல்லாத இடத்தில் பொடி எழுத்தில்: "தங்கச்சி பொம்மைய ஒளிச்சு வச்சேன். அவ இன்னும் தேடறா."

போதும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. மேலே எழுதியதெல்லாம் நடந்து முடிந்த சமாசாரம். கடைசி வரி மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவன் எழுதிக்கொண்டிருந்தபோதும் அந்தச் சின்னப்பெண் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்திருப்பாள். நாங்கள் கொடுத்த தாளின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால், தாளில் இதற்குக் கேள்வியே இல்லை. ஏழாம் கட்டளை திருடினாயா என்று கேட்கிறது. அவன் திருடவில்லையே! எங்கே சேர்ப்பது என்று தெரியாமல்தான் கோட்டுக்குக் கீழே போட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பெரியவர்கள் நாமும் ஒப்புரவுக்குப் போனால் என்ன சொல்கிறோம்? கோபப்பட்டேன், பொய் சொன்னேன், சில ஞாயிறு பூசை தவறிவிட்டது. ஒன்பது வயசில் சொன்ன அதே பட்டியல். இடையில் கல்யாணம், பிள்ளைகள், வேலை, பண விவகாரம், உறவில் விரிசல் என்று எவ்வளவோ நடந்திருக்கிறது. பட்டியலில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. ஆன்மிக வளர்ச்சி என்கிறார்களே, வளர்ந்தால் இந்தப் பட்டியல் சுருங்க வேண்டுமா, நீள வேண்டுமா? சுருங்க வேண்டும் என்றால், எந்தப் புனிதரை எடுத்தாலும் தன்னைப் பெரும்பாவி என்கிறாரே. நீள வேண்டும் என்றால், பக்கத்தில் இருக்கிறவனுடைய ரெண்டு பக்கம்தான் சரி என்று ஆகிவிடும்.

அடுத்த வகுப்பில் "பாவம் என்றால் என்ன" என்று பேச வேண்டும். பிள்ளைக்குப் புரியவும் வேண்டும், அவன் முப்பது வயசில் இதெல்லாம் சின்னப்பிள்ளைச் சமாசாரம் என்று தூக்கி எறியும்படி இருக்கவும் கூடாது. உங்கள் யோசனை என்ன? எந்த மதத்தவரானாலும் சொல்லுங்கள்.

---

ஈரக்குடை எழுதியது:

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை டீச்சர். ஆனால் "இது போதுமா" என்ற அந்த வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். எனக்கு அது வெறும் பிள்ளைப்பேச்சு இல்லை.

கல்லூரிக் காலத்தில் எனக்கு இருந்த நோய்க்கு அதுதான் பெயர். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் பல் துலக்கும்போது பேஸ்ட் கலந்த எச்சில் தொண்டைக்குள் போயிருந்தால்? அது தண்ணீர்க் கணக்கா, உணவுக் கணக்கா? பல் துலக்கி எத்தனை நிமிஷம் ஆகிறது? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நகர்வேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகித் திரும்பி வந்துவிடுவேன். அப்புறம், அப்படித் திரும்பியது அவமரியாதையோ என்று அதற்கும் ஒரு பாவசங்கீர்த்தனம். வாங்கி வந்த மன்னிப்பு மறுநாள் வரை தாங்காது. சரியாகச் சொன்னேனா, ஏதாவது விட்டுவிட்டேனா என்று மறுபடி கிளம்பும்.

என்னைக் காப்பாற்றியது ஒரு வயதான சாமியார். "இனி மாதம் ஒருமுறைதான் வர வேண்டும். நடுவில் வந்தால் கேட்க மாட்டேன். பாவமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இல்லை என்று எடுத்துக்கொள். அந்தப் பொறுப்பு என்னுடையது" என்றார். கையோடு டாக்டரிடமும் அனுப்பினார். ஓசிடி என்கிற, ஒரே எண்ணம் விடாமல் துரத்துகிற மனநோயில் இப்படி பக்தி வேஷம் போட்டுக்கொண்டு வருகிற வகை ஒன்று உண்டு என்று அங்கேதான் தெரிந்தது. மருந்தோடு ஒரு பயிற்சியும் உண்டு. பயப்படுகிற இடத்துக்கு வேண்டுமென்றே போய் நிற்க வேண்டும், ஆனால் சரிபார்க்கக் கூடாது. எனக்கு அது, பல் துலக்கிவிட்டு நேராக வரிசையில் நிற்பது, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு.

இது இந்தக் காலத்து மென்மனசு என்று யாராவது சொன்னால், இயேசு சபையைத் தொடங்கிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் கதையைப் படிக்கச் சொல்லுங்கள். 1522-ல் மன்ரேசாவில் இருந்தபோது அவருக்கும் இதே அரிப்பு. பழைய பாவங்களைச் சரியாக அறிக்கையிட்டேனா என்று திரும்பத் திரும்பப் போனார். வேதனை தாங்காமல், தங்கியிருந்த அறையில் இருந்த ஒரு பெரிய குழியில் குதித்துவிடலாமா என்று தோன்றியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். வெகு தெளிவாக இருந்தாலொழிய பழையதைச் சொல்லாதே என்று ஒப்புரவு கேட்ட குரு கட்டளையிட்டாராம். அவருக்கோ எல்லாமே வெகு தெளிவாகத் தெரிந்தது! இதைப் படித்தபோது சத்தமாகச் சிரித்தேன். என் மண்டைக்குள் நடந்தது அதேதான்.

அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலில் ஒரு உதாரணம் வருகிறது. நடந்து போகிறவர் தரையில் சிலுவை போலக் கிடந்த இரண்டு வைக்கோலைத் தெரியாமல் மிதித்துவிடுகிறார். அது பாவம் என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டால் அது வெறும் தப்பான தீர்ப்பு, பாவமே அல்ல என்கிறார். உங்கள் பையன் மாதா படத்துக்கு முதுகைக் காட்டித் தூங்கியது இந்த வைக்கோல்தான்.

இப்போது நான் எனக்கே வைத்துக்கொண்டிருக்கிற சோதனை ஒன்று. உறுத்தல் வரும்போது, அதில் என்னைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா, அடுத்து நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். நோயின் உறுத்தலில் நான் மட்டும்தான் இருப்பேன். செய்யக்கூடியதும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்: மறுபடி சரிபார்ப்பது. பையன் எழுதியதில் கடைசி வரியில் தங்கச்சி இருக்கிறாள்.

ஒரு வேண்டுகோள். வகுப்பில் யாருடைய பட்டியலையும் நீளத்துக்காகப் பாராட்டிவிடாதீர்கள்.

---

பழையமணி எழுதியது:

நாற்பது வருஷத்துக்கு மேல் இதே வகுப்பை எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சகோதரி ஈரக்குடையின் துன்பம் உண்மை, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு நோயாளிக்குக் கொடுத்த மருந்தை ஊருக்கே கொடுக்க முடியாது. என் அனுபவத்தில், எதையெடுத்தாலும் பாவமோ என்று நடுங்குகிற பிள்ளைகள் கொஞ்சம். எதுவுமே பாவமில்லை என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம்.

முதலில் தாளின் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன். 1215-ல் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவரம் தெரிகிற வயசு வந்த எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. அந்த வயசு ஏறத்தாழ ஏழு என்று 1910-ல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் தெளிவுபடுத்தினார். அதற்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு, பதினாலு வயசு வரைகூடப் பிள்ளைகளை நற்கருணைக்குக் காக்க வைத்தார்கள். சிறு பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்குக் கைப்பிடி வேண்டும். கேள்வித்தாள் அந்தக் கைப்பிடி, அவ்வளவுதான். சாவான பாவம் என்றால் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர வேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதில்லை. கொட்டாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அது தாளின் குற்றமல்ல.

இரண்டாவது, என் உண்மையான கவலை. "யாருக்கு வலித்தது" என்பதை மட்டும் பாவத்துக்கு அளவுகோலாக வைத்தால், கடவுள் காணாமல் போய்விடுவார். தாவீது அரசர் பத்சேபாவை எடுத்துக்கொண்டார், அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டார். அவர் பாடியதாக வழங்குகிற 51-ஆம் திருப்பாடலோ, உமக்கு எதிராகவே பாவம் செய்தேன் என்று கடவுளை நோக்கித்தான் பேசுகிறது. சகோதரியின் சோதனையை அங்கே வைத்துப் பாருங்கள். அடுத்து அவர் என்ன செய்ய முடியும்? உரியா செத்துப்போனார். திருப்பிக் கொடுக்க ஆளில்லை. அப்போது பாவம் இல்லையென்று ஆகிவிடுமா? அந்த இடத்தில் கடவுள் ஒருவர்தான் மிச்சம்.

---

திண்ணை எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை. சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வருகிறவன். பட்டியல் நீள வேண்டுமா சுருங்க வேண்டுமா என்ற கேள்வி பிடித்திருந்ததால் உள்ளே வந்தேன்.

எங்களிடம் பாவத்துக்குத் தனி இடம் கிடையாது. புண்ணியம், பாவம் இரண்டும் கன்மம், அதாவது வினை, என்ற ஒரே மூட்டைக்குள் வரும். இரண்டும் உயிரைக் கட்டும். அதற்கும் அடியில் உயிரைப் பற்றியிருக்கிற மூல அழுக்கு, மூல மலம், ஆணவம். செய்கிற குற்றம் ஒவ்வொன்றும் அதிலிருந்து கிளம்புவது. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு ஒரு வித்தியாசம் சொல்கிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் இருட்டாக இருக்கிறது என்று தன்னையாவது காட்டும். ஆணவம் மற்றதையும் மறைக்கும், தன்னையும் காட்டாது. அப்படியானால் நாம் எழுதுகிற எந்தப் பட்டியலிலும் முக்கியமானது விட்டுப்போகும். எழுதுகிற கையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது.

அதனால் வளர்ச்சியை நாங்கள் எண்ணிக்கையில் பார்ப்பதில்லை. இருவினை ஒப்பு என்று ஒன்று சொல்வார்கள். நல்லதும் கெட்டதும் ஒன்றுதான் என்று அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. நல்லதைச் செய்துவிட்டு "நான் செய்தேன்" என்று வரவு எழுதாமல் இருப்பது, வந்த இன்பத்திலும் துன்பத்திலும் மனசு ஒரே மாதிரி நிற்பது. அதோடு மலமும் மெல்ல மெல்லக் கனிகிறது. மலபரிபாகம் என்று அதற்குப் பெயர். கனிந்தால் திருவருள் பதியும். இது முயற்சியால் மட்டும் வாங்குகிற சரக்கு அல்ல என்பதில் நீங்களும் நாங்களும் ஒரே கட்சி என்று நினைக்கிறேன்.

பக்கத்துப் பையன் ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறான், எனக்கு ஒரு பக்கம்தான் என்கிற ஒப்பீடு இருக்கிறதே, பிள்ளையை நான் குறை சொல்லவில்லை, பெரியவர்களிடம் அது வேறு வேஷத்தில் வரும். என்னைப்போல் பாவி உண்டா என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு பெருமை வந்து ஒட்டிக்கொள்ளும். பரிகாரம் முடிந்தது, கணக்கு தீர்ந்தது என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறவர்கள் எங்கள் பக்கமும் ஏராளம். யாருக்குத் தீங்கு செய்தார்களோ அவருக்குத் தகவலே போயிருக்காது.

ஆனால் பழையமணி ஐயா சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தாள் இருப்பதில் தப்பில்லை. தாளில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். வள்ளலார் 1854-ல் வெளியிட்ட மனுமுறை கண்ட வாசகத்தில் ஒரு பெரிய பட்டியல் வருகிறது. தேர்க்காலில் கன்று சிக்கிச் செத்தது, தேரை ஓட்டியது மகன். அரசனோ, நான் என்ன பாவம் செய்தேனோ என்று தன்னையே கேட்டுக் கேட்டுப் புலம்புகிறான். நல்லவர் மனம் நடுங்கச் செய்தேனோ, நட்பாக இருந்தவர்களைப் பிரித்தேனோ, கொடுக்க வந்தவரைத் தடுத்தேனோ, வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்தேனோ, வெயிலுக்கு ஒதுங்குகிற மரத்தை அழித்தேனோ என்று போகும். கடவுள், குரு, அடியார் பற்றிய கேள்விகளும் அதில் உண்டு. ஆனால் பெரும்பாலான வரியில் எதிரே ஒரு ஆள் நிற்கிறார். வழியில் வருகிற யாரோ முகம் தெரியாதவர்கூட, அந்த மரத்தடி வரியில். இதைப் படித்துவிட்டு "போதுமா" என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. எனக்குக் கூலி வரியில் வயிற்றைப் பிசைந்தது, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

பிறைமாடம் எழுதியது:

சகோதரி மூன்றாம்பெஞ்சுக்கு. நான் மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். நம் இருவருக்கும் தலைவலி ஒன்றுதான் போலிருக்கிறது.

இஸ்லாத்தில் ஜென்மப் பாவம் கிடையாது. பிள்ளை தூய்மையாகப் பிறக்கிறது, பருவம் வரும் வரை அதன் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. ஆகவே ஒன்பது வயசில் பட்டியல் எழுத வைக்க மாட்டோம். தொழுகையைப் பழக்குவோம், அவ்வளவுதான். பெரியவர்களுக்குத் தவ்பா, அதாவது பாவத்திலிருந்து இறைவனிடம் மீளுவது, உண்டு. அதன் நிபந்தனைகளை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் நவவி சுருக்கமாகத் தொகுத்திருக்கிறார். செய்கிற பாவத்தை விட வேண்டும், செய்ததற்கு வருந்த வேண்டும், இனி திரும்பமாட்டேன் என்று உறுதிகொள்ள வேண்டும். இந்த மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் நடுவில் உள்ள பாவங்களுக்கு. இன்னொரு மனிதனின் உரிமை அதில் சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று சேரும்: அந்த உரிமையை அவரிடம் திருப்பித் தீர்க்க வேண்டும். பொருள் என்றால் பொருள், அவதூறு என்றால் அவரிடம் மன்னிப்பு.

இமாம் முஸ்லிம் தொகுத்த ஹதீஸ் (நபிமொழி) நூலில் ஒரு செய்தி உண்டு, நான் வகுப்பில் அடிக்கடி சொல்வது. திவாலானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். இல்லை, மறுமை நாளில் தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் வருகிற ஒருவன் இருப்பான். ஆனால் அவன் ஒருவனைத் திட்டியிருப்பான், ஒருவன் மீது பழி சுமத்தியிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான், ஒருவனை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுப்பார்கள். நன்மை தீர்ந்துவிட்டால் அவர்களுடைய பாவங்களை எடுத்து இவன் மேல் போடுவார்கள். அவன்தான் திவாலானவன்.

பெரியவர்கள் முகம் மாறுவதை இந்தச் செய்தியில்தான் பார்த்திருக்கிறேன். தொழுகை விட்டதைப் பற்றிப் பேசும்போது தலையாட்டுகிறார்கள். இதைச் சொன்னால் யாரோ ஒருவர் வெளியே போய் போன் பண்ணுகிறார்.

பழையமணி ஐயா எழுப்பிய கேள்வி கனமானது. (தாவீது எங்களுக்குத் தாவூத் நபி, அவர் விஷயத்தில் எங்கள் நம்பிக்கை வேறு, அதை இங்கே எடுக்கவில்லை.) பொருள் விஷயமானால் எங்கள் வழி நேரானது. ஆள் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். யாரென்றே தெரியாவிட்டால் அவர் பெயரில் தர்மம் செய்ய வேண்டும். பேச்சால் புண்படுத்தி, அவரும் இறந்துவிட்டால், அவருக்காகத் துஆ (பிரார்த்தனை) கேட்பது, அவரைப் பற்றி நல்லது பேசுவது என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்வார்கள். ஆகவே ஆள் போய்விட்டாலும் செய்ய வேண்டியது போய்விடுவதில்லை. ஆனால் ஐயா சொன்ன அந்த மிச்சமும் இருக்கத்தான் செய்கிறது.

---

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பழையமணி ஐயா, நீங்கள் தாவீதைக் கொண்டுவந்தது எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது, ஆனால் நீங்கள் நினைத்த திசையில் இல்லை. திருப்பாடலோடு சேர்த்து சாமுவேல் இரண்டாம் புத்தகத்தின் 12-ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் படித்தேன். நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் போகிறார். விபசாரம் செய்யாதே, கொலை செய்யாதே என்ற கட்டளைகளை முதலில் அவர் எடுக்கவே இல்லை. தாவீதுக்கு அவை தெரியாதவையும் அல்ல. ஒரு கதை சொல்கிறார். ஏழை ஒருவனிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் தட்டிலேயே தின்று, அவன் மடியிலேயே தூங்கியது. மந்தை மந்தையாக வைத்திருந்த பணக்காரன், விருந்தாளி வந்தபோது தன்னுடையதைத் தொடாமல் அந்தக் குட்டியைப் பிடித்து அடித்துச் சமைத்துவிட்டான். தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவன் சாக வேண்டும், நாலு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கத்துகிறார். நீரே அந்த மனிதன் என்கிறார் நாத்தான்.

கட்டளை தெரிந்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. உரியாவின் வீட்டை அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒருமுறை பார்த்த பிறகுதான் நடந்தது. "உமக்கு எதிராக" என்ற பாட்டு அதற்கு அப்புறம் வருகிறது. கடவுள் காணாமல் போகவில்லை ஐயா, ஆட்டுக்குட்டி வழியாகத்தான் வந்தார் என்று எனக்குப் படுகிறது.

நீள வேண்டுமா சுருங்க வேண்டுமா என்று கேட்டது சரியான கேள்வி இல்லை என்றும் இப்போது தோன்றுகிறது. வளர வளர எதிரில் இருக்கிறவர் கூடுதலாகக் கண்ணில் படுகிறார். முன்பு "கோபப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்த இடத்தில், யாரிடம், எதற்கு, அவர் அன்றைக்கு என்ன ஆனார் என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கிறது. பட்டியல் என்னவோ அதே நீளம்தான்.

வகுப்புக்கு இரண்டு கதை வைத்துக்கொண்டேன். ஒன்று நாத்தான். இன்னொன்று சக்கேயு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய பணக்கார வரிவசூல்காரன். இயேசு அவன் வீட்டுக்கு வந்ததும் அவன் தன் பாவங்களை வரிசையாக ஒப்பிக்கவில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்கிறான். மரத்தில் ஏறியதைப் பிள்ளைகளுக்கு எல்லோரும் நடித்துக் காட்டுகிறோம், பாட்டு வேறு பாடுகிறோம். இந்த நாலு மடங்கை ஒருமுறைகூட நடித்ததாக ஞாபகம் இல்லை. இந்த முறை கணக்குப் போட வைக்கப்போகிறேன். அஞ்சு பென்சில் எடுத்தால் எத்தனை தர வேண்டும்?

---

பழையமணி எழுதியது:

நாத்தானை நான் யோசிக்கவில்லை. நன்றாகவே சொன்னீர்கள்.

ஒரு திருத்தம் மட்டும். திருப்பிக் கொடுப்பது என்பது இஸ்லாமிய நண்பர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. 1992-ல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1459-ஆம் எண்ணில், திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பெயரைச் சீர்செய்வது, காயத்துக்கு ஈடுசெய்வது என்று உதாரணத்தோடே சொல்கிறது. மன்னிப்புக் கிடைத்த பிறகும் அது பாக்கி நிற்கிறது. தாளைத் தயாரித்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள் என்றால், அங்கே ஒரு வரி சேர்க்க எனக்கு ஆட்சேபம் இல்லை. "அதைச் சரிசெய்ய நீ செய்யக்கூடியது ஏதாவது உண்டா?" என்று, எல்லாக் கேள்விக்கும் கீழே.

ஆனால் கடவுளைப் பற்றிய முதல் மூன்று கட்டளைகளைத் தாளிலிருந்து எடுத்துவிடாதீர்கள். யாருக்கும் வலிக்காமலே மனிதன் கடவுளை மறந்துபோக முடியும். அதற்கு உங்கள் ஆட்டுக்குட்டிக் கதையில் இடமில்லை. இதில் நான் மாறுவதாக இல்லை.

இன்னொன்று, ஆசிரியர்களுக்குள் சொல்வது. அந்தப் பையன் உங்களிடம் காட்டியதை, பெயர் சொல்லாமல்கூட, வகுப்பில் உதாரணமாக எடுக்காதீர்கள். அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எந்தப் பிள்ளையும் எதையும் கோட்டுக்குக் கீழே எழுதாது.

---

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

எடுக்க மாட்டேன் ஐயா, நிச்சயமாக. அதனால்தான் பென்சில்.

முதல் மூன்று கட்டளைகள் தாளில் அப்படியே இருக்கும். நீங்கள் சொன்ன வரியைச் சேர்க்கலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும், நானாக அச்சடித்துக் கொடுக்க முடியாது. பெற்றோர் கூட்டமும் ஒன்று வைக்கச் சொல்லப்போகிறேன். சில வீடுகளில் அம்மா அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து "அதை எழுதினியா, இதை எழுதினியா" என்று பிள்ளைக்குப் பட்டியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ரெண்டு பக்கம் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஈரக்குடை, கூட்டத்தில் உங்கள் கடிகாரக் கதையைப் பெயரில்லாமல் சொல்லலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம்.

---

ஈரக்குடை எழுதியது:

தாராளமாகச் சொல்லுங்கள். பேஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். அதைச் சொன்னால்தான் நம்புவார்கள். டாக்டரிடம் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.